இலையின் வியர்வையை எடை போட்ட பாதிரியார்

ஒரு சூரியகாந்திச் செடி. உயரம் மூன்றரை அடி. அது ஒரு மண் தொட்டியில் நிற்கிறது.

காலையில் ஒருவர் வருகிறார். தொட்டியைத் தராசில் வைத்து எடை போடுகிறார். எடையை நோட்டில் குறித்துக்கொள்கிறார். மாலையில் மறுபடியும் வருகிறார். மறுபடியும் எடை போடுகிறார்.

அவர் தோட்டக்காரர் அல்ல. வியாபாரியும் அல்ல. அந்த ஊர் மாதா கோவிலின் பாதிரியார்.

அவர் பெயர் ஸ்டீபன் ஹேல்ஸ். ஊர், இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள டெடிங்டன். நடந்த ஆண்டு 1724.

செடி குடிக்கும் தண்ணீர் எங்கே போகிறது? இதுதான் அவருடைய கேள்வி. இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தேடியவர், பிறகு சிறைக் கைதிகளுக்கும் கப்பல் மாலுமிகளுக்கும் நல்ல காற்று கிடைக்கப் பாடுபட்டார்.

இளமை

இங்கிலாந்தின் கென்ட் மாகாணத்தில் பெக்ஸ்போர்ன் என்ற ஊரில் 1677-ம் ஆண்டு ஹேல்ஸ் பிறந்தார். நல்ல வசதியான குடும்பம். உடன் பிறந்தவர்கள் பலர்.

1696-ம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படித்தது சமயப் படிப்பு. ஆனால் மனம் ஓடியது விஞ்ஞானத்தின் பக்கம்.

அங்கே வில்லியம் ஸ்டூக்லி என்ற இளைஞர் அவருக்கு நண்பரானார். இருவரும் சேர்ந்து வயல்வெளிகளில் சுற்றினார்கள். செடி கொடிகளைச் சேகரித்தார்கள். பிராணிகளை அறுத்துப் பார்த்து உடலின் அமைப்பைக் கற்றார்கள்.

அப்போது இங்கிலாந்து முழுவதும் நியூட்டனின் புகழ் பரவியிருந்தது. எதையும் அளந்து பார், நிறுத்துப் பார், எண்ணிப் பார் என்பது அந்தக் காலத்து விஞ்ஞானிகளின் மந்திரம். ஹேல்ஸ் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கடைசி நாள் வரை விடவில்லை.

1709-ம் ஆண்டு டெடிங்டன் கோவிலுக்குப் பாதிரியாராக வந்தார். அதன்பின் 50 ஆண்டுகளுக்கு மேல் அதுதான் அவர் ஊர்.

1720-ம் ஆண்டு மேரி நியூஸ் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டே மனைவி இறந்துவிட்டார். குழந்தை இல்லை. ஹேல்ஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கோவிலும் ஊரும் ஆராய்ச்சியும்தான் அவருக்குக் குடும்பம் ஆயின.

குதிரையின் ரத்தம்

உடலுக்குள் ரத்தம் எவ்வளவு வேகத்தோடு பாய்கிறது? இதை முதன்முதலில் அளந்தவர் ஹேல்ஸ்தான்.

ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்க வைத்தார். அதன் தொடையில் உள்ள ரத்தக் குழாயைத் திறந்து, பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகினார். அதோடு நீளமான கண்ணாடிக் குழாயை இணைத்து நிமிர்த்திப் பிடித்தார். ரத்தம் குழாயில் ஏறியது. இருதயம் இருந்த மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் வரை ஏறி நின்றது.

இன்று டாக்டர்கள் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அந்த அளவீட்டின் கதை இந்தக் குதிரையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் இந்தப் பரிசோதனைகளில் பிராணிகள் இறந்தன. பக்கத்து ஊரில் வாழ்ந்த புகழ்பெற்ற கவிஞர் அலெக்சாண்டர் போப், ஹேல்ஸின் நண்பர். அவரிடம் அன்பு கொண்டவர். ஆனாலும் நாய்களை அறுப்பதை மட்டும் போப்பால் பொறுக்க முடியவில்லை.

ஹேல்ஸுக்கும் அந்த வேலை கசந்தது. சில ஆண்டுகள் அதை நிறுத்தி வைத்தார்.

கொடி கற்பித்த பாடம்

அந்தச் சமயத்தில் தற்செயலாக ஒரு சம்பவம் நடந்தது.

அவரிடம் ஒரு பழைய திராட்சைக் கொடி இருந்தது. அதைப் பருவம் தவறிக் கவாத்து செய்துவிட்டார்கள். வசந்தகாலம் நெருங்கிவிட்டதால், வெட்டிய இடத்திலிருந்து தண்ணீர் போன்ற சாறு வடியத் தொடங்கியது. நிற்கவே இல்லை. கொடி செத்துவிடுமோ என்று ஹேல்ஸ் பயந்தார்.

என்னென்னவோ செய்து பார்த்தார். பயன் இல்லை. கடைசியில் மிருகத்தின் சவ்வுத் தோல் ஒன்றை வெட்டுவாயில் இறுக்கிக் கட்டினார். சிறிது நேரத்தில் அந்தத் தோல் பலூன் போல் உப்பியது.

வேருக்குள் யார் இருந்துகொண்டு இப்படித் தள்ளுகிறார்கள்?

குதிரைக்குச் செய்ததையே கொடிக்கும் செய்தார். வெட்டிய அடித்தண்டில் கண்ணாடிக் குழாயை இணைத்தார். சாறு 20 அடிக்கு மேல் ஏறியது. பிறகு பாதரசத்தை வைத்து அளந்தார். ஒரு கொடியின் தள்ளும் சக்தி, தண்ணீரை 43 அடி உயரத்துக்கு ஏற்றக்கூடியதாக இருந்தது. குதிரையின் தொடையில் பாயும் ரத்தத்தின் சக்தியைப்போல் அது ஏறக்குறைய 5 மடங்கு.

இருதயம் இல்லாத ஒரு கொடிக்கு இவ்வளவு பலம்!

ஆனால் இந்த வேகம் வசந்தத்தில் மட்டும்தான் இருந்தது. கொடியில் இலைகள் நன்றாக விரிந்த பிறகு வெட்டினால் சாறு அப்படிப் பொங்கவில்லை. அப்படியானால் கோடைகாலத்தில் தண்ணீரை மேலே ஏற்றுவது எது? ஹேல்ஸின் பார்வை இலையின் பக்கம் திரும்பியது.

சூரியகாந்தியின் கணக்கு

இங்கேதான் அந்தச் சூரியகாந்தி வருகிறது.

தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடினார். இடுக்குகளை எல்லாம் பூசி அடைத்தார். தண்ணீர் ஊற்ற ஒரு சிறு குழாய். அதற்கும் தக்கை மூடி. மண்ணின் ஈரம் மேல்வழியாக வெளியே போக இடமே இல்லை. தண்ணீர் போனால், செடியின் வழியாகத்தான் போக வேண்டும்.

1724 ஜூலை 3-ம் தேதியிலிருந்து ஆகஸ்டு 8-ம் தேதி வரை, இடையிடையே 15 நாட்கள் காலையும் மாலையும் எடை போட்டார்.

கணக்கு இப்படி வந்தது. 12 மணி நேரப் பகலில் செடி இழந்த தண்ணீர் சராசரி 1 ராத்தல் 4 அவுன்சு. அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். வெயில் கடுமையாக அடித்த நாளில் 1 ராத்தல் 14 அவுன்சு. பனி இல்லாத வெப்பமான இரவில் 3 அவுன்சுதான்.

மண் தொட்டியும் ஈரத்தைக் கசியவிடும் அல்லவா? அதையும் அவர் மறக்கவில்லை. செடியை வெட்டி எடுத்துவிட்டு, வெறும் தொட்டியை எடை போட்டார். பகலில் 2 அவுன்சு கசிந்தது. அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதினார்.

அதோடு விட்டாரா? இல்லை. செடியின் இலைகளை எல்லாம் பறித்தார். அளவு வாரியாக ஐந்து குவியலாகப் பிரித்தார். நூலால் சிறு சிறு கட்டம் பின்னி, அதை இலையின் மேல் வைத்துக் கட்டங்களை எண்ணினார். மொத்த இலைப் பரப்பு 39 சதுர அடி! ஒரு மூன்றரை அடிச் செடியில் ஒரு கட்டில் விரிப்பு அளவுக்கு இலை.

மனிதனும் வியர்வையாகவும் மூச்சாகவும் தண்ணீரை இழக்கிறான். இரண்டையும் ஒப்பிட்டார். பருமனுக்குப் பருமன் பார்த்தால், சூரியகாந்தி மனிதனைப் போல் 17 மடங்கு தண்ணீரை வெளியே விடுகிறது என்று கண்டார்.

பிறகு மரக்கிளைகளை வெட்டித் தண்ணீரில் நிறுத்தினார். சில கிளைகளில் இலைகளை விட்டுவைத்தார். சிலவற்றில் இலைகளை உருவிவிட்டார். இலை உள்ள கிளைகள் பகலில் 15 முதல் 30 அவுன்சு வரை உறிஞ்சின. இலை இல்லாத கிளைகள் 1 அவுன்சுதான் உறிஞ்சின.

தண்ணீரை மேலே இழுப்பது இலை. விஷயம் தெளிவாகிவிட்டது.

ரத்தம் உடலில் சுற்றுவது போல, சாறும் மரத்துக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். அது தவறு என்று ஹேல்ஸ் காட்டினார். வேரில் ஏறும் தண்ணீர் இலை வழியே காற்றில் கலந்துவிடுகிறது.

1727-ம் ஆண்டு இவை அனைத்தையும் புத்தகமாக வெளியிட்டார். அதை அச்சிட ராயல் சொசைட்டியின் தலைவர் என்ற முறையில் அனுமதிக் கையெழுத்துப் போட்டவர் நியூட்டன். அடுத்த மாதமே நியூட்டன் காலமானார்.

இலையின் வாய்

இலையிலிருந்து தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது?

ஹேல்ஸுக்கு முன்பே இத்தாலி நாட்டு மால்பிகியும் இங்கிலாந்து நாட்டு நெகமையா குரூவும் பூதக்கண்ணாடி வைத்து இலையில் மிக நுண்ணிய துளைகளைக் கண்டிருந்தார்கள். அவை வேலை செய்யும் விதம் ஹேல்ஸின் காலத்தில் தெரியாது. இன்று தெரியும்.

இலையின் மேல் தோலில் மெழுகு பூசியது போன்ற ஒரு படலம் இருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் எளிதில் போகாது. போவதற்கு வழி இலைத்துளைகள்தான். பெரும்பாலான மரங்களில் இவை இலையின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. சூரியகாந்தியில் இரண்டு பக்கமும் உண்டு. தண்ணீரில் மிதக்கும் அல்லி இலையில் மேல்பக்கத்தில் மட்டும் உண்டு.

ஒவ்வொரு துளைக்கும் இரண்டு காவல்காரர்கள். அவரை விதை போல் வளைந்த இரண்டு செல்கள், எதிரும் புதிருமாக ஒட்டி நிற்கின்றன. அவற்றுக்குக் காப்புச் செல்கள் என்று பெயர். நடுவில் உள்ள இடைவெளிதான் துளை.

சைக்கிள் டியூப்பின் ஒரு பக்கத்தில் நீளமாக ஒட்டுப் போட்டுக் காற்று அடித்தால் என்ன ஆகும்? ஒட்டுப் போட்ட பக்கம் நீளாது. மறுபக்கம் நீளும். டியூப் வில் போல் வளையும். காப்புச் செல்லும் ஏறக்குறைய இப்படித்தான். துளையை ஒட்டிய பக்கம் தடிப்பு. வெளிப்பக்கம் மெல்லிசு. செல்லுக்குள் தண்ணீர் நிறைந்தால் இரண்டும் வளைந்து விலகும். துளை திறக்கும். தண்ணீர் குறைந்தால் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும். துளை மூடும். ஹியூகோ வான் மோல் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1856-ம் ஆண்டு இதை விளக்கினார்.

காலை வெளிச்சம் பட்டதும் காப்புச் செல்லுக்குள் பொட்டாசியம் என்ற உப்புச் சத்து நுழைகிறது. அதன் பின்னால் தண்ணீரும் நுழைகிறது. கதவு திறக்கிறது. பொதுவாக இரவில் மூடிக்கொள்கிறது. மண் காய்ந்தால் செடிக்குள் ஒரு ரசாயனப் பொருள் உண்டாகிறது. அது கதவை மூடச் சொல்லும் உத்தரவு. சூரியகாந்தி பகலில் அதிகமும் இரவில் குறைவும் தண்ணீர் இழந்ததற்குக் காரணம் வெயில் மட்டும் அல்ல. இந்தக் கதவுகளும் ஒரு காரணம்.

தண்ணீரைக் காப்பாற்ற வேண்டுமானால் கதவை எப்போதும் மூடியே வைக்கலாமே? முடியாது. காற்றிலிருந்து கரியமில வாயு இந்த வாயின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அதையும் தண்ணீரையும் சேர்த்து, சூரிய வெளிச்சத்தில் இலை உணவு சமைக்கிறது. பிராண வாயுவை வெளியே விடுகிறது. பசிக்குத் திறக்க வேண்டும். தாகத்துக்கு மூட வேண்டும். இலை நாள் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

துளைகள் எல்லாம் திறந்திருந்தாலும், இலைப் பரப்பில் அவை நூற்றில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் வேர் உறிஞ்சும் தண்ணீரில் மிகப் பெரும் பகுதி அந்த வழியாகவே ஆவியாகிறது. ஆவியாகும் ஒவ்வொரு துளியும் தன் பின்னால் உள்ள தண்ணீரை இழுக்கிறது. அந்த இழுப்பு, நூல் போல் வேர் வரை போகிறது. டப்ளின் நகரில் டிக்சன், ஜாலி என்ற இருவர் 1894-ம் ஆண்டு இந்தக் கொள்கையை வெளியிட்டார்கள். ஹேல்ஸ் தராசில் கண்டதற்கு விளக்கம் கிடைக்க 170 ஆண்டுகள் ஆயின!

காற்றை நோக்கி

இலைகள் காற்றிலிருந்தும் ஏதோ உணவு எடுக்கின்றன என்று ஹேல்ஸ் ஊகித்தார். அந்த ஊகம் சரியானது. ஆகவே காற்றைப் பற்றி ஆராயத் தொடங்கினார்.

பொருள்களைச் சூடாக்கி, வெளிவரும் காற்றைத் தண்ணீரின் மேல் பிடித்து அளக்கும் கருவியை அமைத்தார். வாயுக்களைக் கண்டுபிடித்த பிற்கால விஞ்ஞானிகளுக்கு அந்த முறை பெரிதும் உதவியது.

ஒரு பைக்குள் மூச்சு விட்டு, அதே காற்றைத் திரும்பத் திரும்ப இழுத்தும் பார்த்தார். ஒரு நிமிஷத்துக்குள்ளேயே மூச்சுத் திணறியது. அடைபட்ட காற்று மனிதனுக்கு ஆகாது என்பதைத் தம் உடம்பிலேயே கண்டார்.

உடனே அவர் நினைவு அடைபட்டுக் கிடக்கும் மனிதர்கள் மேல் சென்றது.

சிறைக்குள் காற்று

அக்காலத்துச் சிறைகள் நரகம். ஜன்னல் இல்லாத அறையில் பலரைத் திணித்து வைப்பார்கள். சிறைக் காய்ச்சல் என்ற நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் சாவார்கள்.

1750-ம் ஆண்டு லண்டனில் நியூகேட் சிறைக் கைதிகளை விசாரணைக்காகப் பக்கத்துக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்தார்கள். நோயும் கூடவே வந்தது. லண்டன் மேயரும் இரண்டு நீதிபதிகளும் உள்பட 40 பேருக்கு மேல் மாண்டார்கள்.

ஹேல்ஸ் 1741-ம் ஆண்டே ஒரு காற்றுக் கருவியைச் செய்திருந்தார். பெரிய மரப்பெட்டி. உள்ளே ஏறி இறங்கும் பலகை. ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் சிறு கதவுகள். கொல்லன் துருத்தி போல அது கெட்ட காற்றை இழுத்து வெளியே தள்ளும். புதுக்காற்று உள்ளே வரும்.

லண்டனில் சவாய் சிறையில் அதைப் பொருத்தினார்கள். அதற்கு முன் ஆண்டுக்கு 50 முதல் 100 பேர் வரை அங்கே இறந்துகொண்டிருந்தார்கள். 1749-லிருந்து 1752 வரை இறந்தவர்கள் 4 பேர்தான் என்று அக்காலக் கணக்கு சொல்கிறது.

1752-ம் ஆண்டு நியூகேட் சிறையிலும் பொருத்தினார்கள். கூரையின் மேல் ஒரு காற்றாலை சுழன்று கருவியை இயக்கியது. அதை அமைத்த 11 தொழிலாளர்களில் 7 பேருக்குச் சிறைக் காய்ச்சல் கண்டது. அவ்வளவு கொடிய இடம் அது!

சிறைக் காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்று ஹேல்ஸ் நம்பினார். அது தவறு. அந்த நோயைப் பரப்புவது உடம்பில் ஊரும் பேன். சார்லஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு டாக்டர் 1909-ம் ஆண்டு இதைக் கண்டுபிடித்தார். ஆகவே சாவு குறைந்ததற்குக் காற்று மட்டுமே காரணம் என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் கூட்டமாக அடைபட்டு வாழ்பவர்களுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பது பொய்யாகவில்லை. காசநோய் போன்று காற்றில் பரவும் நோய்கள் இன்றும் அதை நினைவூட்டுகின்றன.

ஆஸ்பத்திரிகளிலும் கப்பல்களிலும் இந்தக் கருவி இடம் பெற்றது. ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துக்கொண்டு போன அடிமைக் கப்பல்களிலும் வைத்தார்கள். அங்கேயும் சாவு குறைந்ததாக மாலுமிகள் எழுதினார்கள். அந்த மக்களுக்குக் காற்று கிடைத்தது. விடுதலை கிடைக்கவில்லை. அடிமை வியாபாரத்தை இங்கிலாந்து தடை செய்தது 1807-ம் ஆண்டில்தான்.

ஊருக்கு உழைத்தவர்

மலிவான சாராயம் ஏழைகளின் குடியைக் கெடுப்பதைக் கண்டு, அதை எதிர்த்து ஹேல்ஸ் எழுதினார்.

1754-ம் ஆண்டு டெடிங்டன் ஊருக்கு நல்ல தண்ணீர் வர ஏற்பாடு செய்தார். தண்ணீர் வரும் வேகத்தையும் சும்மா விடவில்லை. ஒரு பாத்திரம் நிறைய, ஊசற்குண்டு எத்தனை தடவை ஆட வேண்டும் என்று எண்ணினார். அதைக் கோவில் பதிவுப் புத்தகத்திலேயே எழுதி வைத்தார்!

பழப் பணியாரம் சுடும்போது சாறு பொங்கி வழியாமல் இருக்க, ஒரு தேநீர்க் கோப்பையை உள்ளே கவிழ்த்து வைக்கும்படி பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். களிம்பு ஏறிய செம்புப் பாத்திரத்தில் சமைக்கக் கூடாது என்று எச்சரித்தார்.

பெரிய பதவிகள் அவரைத் தேடி வந்தன. இளவரசர் பிரடெரிக் அவருடைய ஆராய்ச்சியைப் பார்க்க வீட்டுக்கே வருவார். அரண்மனைப் பாதிரியார்களில் ஒருவராகவும் அவர் நியமிக்கப்பட்டார். ஆனால் டெடிங்டனை விட்டு அவர் நகரவில்லை.

முதுமையில் அவரைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியைச் சொல்லியிருக்கிறார்கள். நடைபாதை ஓரத்தில் நட்ட கம்பங்களின் தலையில், கிழப் பாதிரியார் தம் கையாலேயே வெள்ளை அடித்துக்கொண்டிருப்பார். இருட்டில் நடந்து வருகிறவர்கள் முட்டிக்கொண்டு காயப்படக் கூடாதே என்ற கவலை!

1761-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, தமது 83-வது வயதில் ஹேல்ஸ் காலமானார். தாம் பணி செய்த கோவிலின் கோபுரத்தின் அடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இளவரசி அகஸ்டா, வெஸ்ட்மின்ஸ்டர் மாதா கோவிலில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார். அமெரிக்காவில் வெள்ளை மணி போல் பூத்துத் தொங்கும் ஒரு மர இனத்துக்கு ஹலேசியா என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஒரு தொட்டிச் செடி, ஒரு தராசு, நிறையப் பொறுமை. ஹேல்ஸிடம் இருந்தவை இவைதான். இலை எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்கத் தொடங்கியவர், மூச்சு முட்டிக் கிடந்த மனிதர்களை மறக்கவில்லை. அதனால்தான் அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.